டர்போ காரின் பூஸ்ட் சென்சார்: பூஜ்யம் எங்கே இருக்கிறது?

பங்க்சர் கடையில் "முப்பது பாயிண்ட் வையுங்கள்" என்கிறோம். ஆணி குத்திக் காற்று முழுவதும் இறங்கிப்போன டயரில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும். அப்படியானால் அந்த டயருக்குள் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வெளியே உள்ள அதே காற்று, அதே அழுத்தத்தில் உள்ளேயும் இருக்கிறது. கடல்மட்டத்தில் அது சுமார் 101 கிலோபாஸ்கல். டயர்க் கடைக் கணக்கில் 14.7 பாயிண்ட். மீட்டர் அதைச் சேர்த்துக்கொள்வதில்லை. சுற்றியிருக்கும் காற்றையே தரையாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது.

டர்போ என்பது என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி. அந்தக் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம் இன்டேக் மேனிஃபோல்டு. அதில் இருக்கும் அழுத்த சென்சார் எண்ணத் தொடங்கும் இடம் வேறு. அது வெற்றிடத்திலிருந்து எண்ணுகிறது. என்ஜின் ஓடாமல் சும்மா நிற்கும் காரில் அது பூஜ்யம் காட்டாது. சென்னையில் 101 காட்டும், கோயம்புத்தூரில் 96 காட்டும், ஊட்டியில் 78 காட்டும். வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தத்தைப் பூஸ்ட் என்பார்கள். அதைக் காட்ட டாஷ்போர்டில் ஒட்டிவைக்கும் பூஸ்ட் மீட்டரோ டயர் மீட்டரின் பங்காளி: மூன்று ஊரிலும் பூஜ்யம்தான். இந்த இரண்டு பூஜ்யங்களையும் குழப்பிக்கொண்டதால் சென்சாரைத் தவறாக வாங்கியவர்கள், அமைப்பைத் தவறாகப் போட்டவர்கள், கடைசியில் பிஸ்டனை உருக்கியவர்கள் என்று ஒரு வரிசையே இருக்கிறது. அந்த வரிசையில் நடுவில் எங்கோ நானும் நின்றிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், உள்ளே இருப்பது என்ன? ஒரு சிறு சிலிக்கான் தகடு. அதன் நடுப்பகுதியை மெல்லிய சவ்வுபோலச் செதுக்கியிருப்பார்கள். சவ்வின் ஒரு பக்கம் காற்றை முழுவதும் எடுத்து மூடிய சிறு அறை. மறுபக்கம் மேனிஃபோல்டிலிருந்து வரும் காற்று. காற்று அழுத்த, சவ்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. சிலிக்கானை வளைத்தால் அதன் மின்தடை மாறும் என்பதை 1954-இல் சார்லஸ் ஸ்மித் என்பவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினார்; இன்றைய சென்சார்கள் பெரும்பாலானவை அந்த ஒரு பண்பை நம்பித்தான் ஓடுகின்றன. அதற்கு முன் இருந்தவை வேறு மாதிரி. 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்த போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பில், காற்றழுத்தமானியில் இருப்பதுபோன்ற மெல்லிய உலோக டப்பிகள் விரிந்து சுருங்கி ஒரு கம்பிச்சுருளுக்குள் இரும்பை நகர்த்தின. அந்த 'டி', அழுத்தத்தைக் குறிக்கும் 'ட்ரூக்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து.

சென்சாரிலிருந்து மூன்று வயர்கள் வெளியே வரும். ஒன்றில் 5 வோல்ட் உள்ளே போகிறது, ஒன்று எர்த், மூன்றாவதில் விடை வோல்டேஜாக வெளியே வருகிறது. நான்காவது வயர் இருந்தால் அநேகமாகக் காற்றின் வெப்பநிலையையும் சேர்த்து அளக்கும் வகை. சொந்தமாக இ.சி.யூ. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கட்டுபவர்கள் பலர் பயன்படுத்தியிருக்கும் எம்.பி.எக்ஸ். 4250 என்ற சென்சாரை எடுத்துக்கொள்வோம். அது 20 முதல் 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும். 100 கிலோபாஸ்கலுக்கு 1.8 வோல்ட் கொடுக்கும். அங்கிருந்து ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் 20 மில்லிவோல்ட் ஏறும், 250-இல் 4.8 வோல்ட். ஒரே நேர்கோடு. பள்ளிக்கூடத்தில் வரைந்த வரைபடத்தைவிடச் சிக்கலாக இதில் எதுவும் இல்லை.

இந்த எண்ணை வைத்து இ.சி.யூ. என்ன செய்கிறது? சிலிண்டருக்குள் எத்தனை கிராம் காற்று போகிறது என்று கணக்குப் போடுகிறது. 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 0.3 லிட்டர். 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், 40 டிகிரி சூட்டில் இருக்கும் காற்று அதை நிரப்பினால் எடை ஏறக்குறைய ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அழுத்தம் இரண்டு மடங்கானால் எடையும் இரண்டு மடங்கு. அந்த எடைக்கு ஏற்ற பெட்ரோலைத்தான் இன்ஜெக்டர் தெளிக்கிறது. ஆகவே சென்சார் 5 சதவீதம் குறைத்துச் சொன்னால் பெட்ரோலும் 5 சதவீதம் குறையும். அளக்கும் கருவி என்று இதை நினைப்பதைவிட, பெட்ரோலுக்கு அளவு சொல்லும் வாய் என்று நினைத்துக்கொண்டால் மரியாதை தானாக வரும்.

டர்போ இல்லாத காரில் பிற்பாடு டர்போ மாட்டுபவர்கள் செய்யும் பழைய தவறு இங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காரில் ஏற்கெனவே இருப்பது 1 பார் சென்சார் (1 பார் என்பது 100 கிலோபாஸ்கல்). அதன் மேல் எல்லை ஏறக்குறைய 105 கிலோபாஸ்கல். அந்தக் காருக்கு அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. டர்போ வந்த பிறகு மேனிஃபோல்டில் 150 ஏறினாலும் சென்சார் 105 என்றே சொல்லும். இ.சி.யூ. அதை நம்பி, தேவையைவிட 30 சதவீதம் குறைவாகப் பெட்ரோல் கொடுக்கும். இக்னிஷனும் 105-க்கு ஏற்ற நேரத்திலேயே நடக்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, முறைப்படி எரியவேண்டியது வெடிக்கத் தொடங்கும். கிண்கிண் என்று சத்தம் கேட்கும். கேட்காமலும் போகலாம், ஹெல்மெட் போட்டுக்கொண்டு டிராக்கில் ஓட்டினால் பெரும்பாலும் கேட்காது. பிறகு பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது அதன் ஓரம் சோளத்தட்டையைக் கறையான் அரித்ததுபோல் இருக்கும்.

ஆலையிலிருந்து வரும் டர்போ கார்கள் இதைத் தெரிந்தே ஒரு வேலி போட்டிருக்கின்றன: அழுத்தம் குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் எரிபொருளை நிறுத்திவிடும். அந்த வேலியை ஏமாற்ற, சென்சார் வோல்டேஜை ஒரு அளவுக்கு மேல் ஏறவிடாமல் பிடித்துவைக்கும் சிறு பெட்டிகள் சந்தையில் உண்டு. விலை குறைவு. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்; காய்ச்சல் மானியைக் குளிர்ந்த நீரில் வைத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நம்புவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

சரி, எந்த அளவு சென்சார் வாங்குவது? கடையில் 2 பார், 2.5 பார், 3 பார், 4 பார் என்று சொல்வார்கள். எல்லாமே வெற்றிடத்திலிருந்து எண்ணிய அளவு. 2 பார் சென்சார் 2 பார் பூஸ்ட் அளக்காது. வெளிக்காற்றுக்கு 1 போக, மீதி 1 பார் பூஸ்ட்தான். ஃபார்முலா ஒன் விதிகளிலும் இதே கணக்குதான். 1987-இல் டர்போ என்ஜின்களுக்கு 4 பார் என்று எல்லை வைத்து, 1988-இல் அதை 2.5 ஆக்கினார்கள். அதாவது காற்றுக்கு மேல் ஒன்றரைதான். அந்த ஆண்டு மெக்லாரன்–ஹோண்டா 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது, அந்த ஒன்றரையை வைத்துக்கொண்டே.

உங்கள் கணக்கு இப்படிப் போகட்டும். 1.2 பார் பூஸ்ட் வைக்கப்போகிறீர்கள்: 101 கூட்டல் 120, மொத்தம் 221. கியர் மாற்றியதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அழுத்தம் குறியைத் தாண்டி ஒரு கணம் துள்ளும். அதற்கு 20 அல்லது 30 விடுங்கள். 250 ஆகிவிட்டது. 2.5 பார் சென்சாருக்கு அதுதான் கூரை. தலை இடிக்கும் வீட்டில் குடியிருக்க வேண்டாம், 3 பார் வாங்குங்கள். 0.6 பார் மட்டும் வைக்கும் காருக்கு 2.5 தாராளம்.

"எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் 4 பார் மாட்டிவிடலாமே" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. பொதுவாகச் சொல்லும் பதில், பெரிய சென்சாரில் நுணுக்கம் குறையும் என்பது. உண்மைதான். ஆனால் அந்த இழப்பு சிறியது: பத்து பிட் இ.சி.யூ.வில் 250 சென்சார் கால் கிலோபாஸ்கல் வரை பிரித்துக் காட்டும், 400 சென்சார் 0.4 வரை. இதனால் எந்த என்ஜினும் நின்றுபோகாது. என்னைக் கவலைப்பட வைப்பது வேறொன்று. தரவுத்தாளில் பிழையை முழு வீச்சின் சதவீதமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஒன்றரை சதவீதம் என்று இருந்தால், 250 சென்சாரில் அது ஏறக்குறைய மூன்றரை கிலோபாஸ்கல். 400 சென்சாரில் கிட்டத்தட்ட ஆறு. முழு பூஸ்டில் ஆறு ஒரு பொருட்டில்லை. கார் சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது மேனிஃபோல்டில் இருப்பதோ வெறும் 35. முப்பத்தைந்தில் ஆறு என்றால் ஆறில் ஒரு பங்கு தவறு. சென்னைப் போக்குவரத்தில் ஓட்டும் கார் தன் வாழ்நாளில் பாதியை அந்த முப்பத்தைந்தில்தான் கழிக்கிறது. தேவைக்கு மேல் ஒரு படி, அதற்கு மேல் வேண்டாம்.

இனி மலை. ஒரு நண்பரின் சிறிய காரில் டர்போ மாட்டி, தனி இ.சி.யூ. வைத்து, கோயம்புத்தூரில் வைத்து எல்லாம் சரிசெய்தோம். 0.8 பார் பூஸ்ட். இ.சி.யூ.வுக்கு வெற்றிடக் கணக்கில் குறி கொடுத்தோம்: 96 கூட்டல் 80, ஆக 176. கார் அருமையாக ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு ஊட்டிக்குப் புறப்பட்டார். கல்லாறு தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. குன்னூர் தாண்டியபின் பூஸ்ட் மீட்டர் 0.9-ஐத் தாண்டி, ஊட்டி அருகே ஏறக்குறைய 1 பார் காட்டியிருக்கிறது. கார் மேலே போகப்போகப் பலம் கூடுகிறது என்று மகிழ்ச்சியோடு எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

நடந்தது இதுதான். மேலே வெளிக்காற்று 78 ஆகக் குறைந்துவிட்டது. இ.சி.யூ. பிடித்த பிடியை விடாமல் 176 கேட்கிறது. ஆகவே டர்போ 80-க்குப் பதில் 98 உயர்த்தவேண்டும். ஒரு டர்போவின் உழைப்பைப் பார்க்க, வெளியே போகும் அழுத்தத்தை உள்ளே வரும் அழுத்தத்தால் வகுக்கவேண்டும். கோவையில் 176-ஐ 96-ஆல் வகுத்தால் 1.83. ஊட்டியில் 176-ஐ 78-ஆல் வகுத்தால் 2.26. மெலிந்த காற்றை எடுத்து அதே அளவுக்குத் திணிக்க, டர்போவின் சக்கரம் முன்பைவிட மிக வேகமாகச் சுற்றவேண்டும். காற்று கூடுதலாகச் சூடாகும். சிறிய டர்போ என்றால் தாங்கும் வேகத்தையே தாண்டிவிடலாம். நண்பர் பலம் என்று நினைத்தது டர்போவின் மூச்சிரைப்பு.

பூஸ்ட் மீட்டரின் கணக்கில் குறி வைத்திருந்தால்? ஊட்டியில் 78 கூட்டல் 80, 158. பலம் கொஞ்சம் குறையும், டர்போவின் உழைப்பும் ஓரளவு கட்டுக்குள் இருக்கும். அதற்கு இ.சி.யூ.வுக்கு வெளிக்காற்றின் அழுத்தமும் தெரியவேண்டும். ஆலையில் செய்த கார்கள் இதற்கென்று இன்னொரு சென்சாரை, பெரும்பாலும் இ.சி.யூ. பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கின்றன, உயரம் ஏற ஏறக் குறியையும் படிப்படியாகக் குறைத்துக்கொள்கின்றன. தனியாக வாங்கிய இ.சி.யூ.க்கள் சில, சாவியைத் திருப்பியதும் என்ஜின் தொடங்கும் முன் ஒருமுறை மேனிஃபோல்டு சென்சாரைப் படித்து அதையே வெளிக்காற்று என்று வைத்துக்கொள்ளும். அது போதும் என்று தோன்றும். ஆனால் மேட்டுப்பாளையத்தில் ஸ்டார்ட் செய்து ஊட்டிவரை என்ஜினை நிறுத்தாமல் போனால், அதன் மனதில் மேட்டுப்பாளையமே இருக்கும். மலைக்குப் போகிற காருக்குத் தனி சென்சார் வையுங்கள். நண்பரின் காரிலும் அதைத்தான் செய்தோம்.

இப்போது என் கதை. சென்சார் மாட்டியதும் செய்யவேண்டிய முதல் சோதனை மிக எளிது: சாவி ஆன், என்ஜின் ஓடக்கூடாது, திரையில் வரும் எண் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒத்துப்போகவேண்டும். வெளிக்காற்றின் அழுத்தம் தெரிய நான் கைப்பேசியின் வானிலைச் செயலியைத் திறந்தேன். 1010 ஹெக்டோபாஸ்கல், அதாவது 101 கிலோபாஸ்கல் என்றது. இ.சி.யூ. 96 என்றது. சென்சார் ஐந்து குறைத்துச் சொல்கிறது என்று முடிவுகட்டி, மென்பொருளில் ஐந்தைக் கூட்டிவிட்டேன். கார் ஐடிலில் கரும்புகை விட்டது. இரண்டு நாள் இன்ஜெக்டரைச் சந்தேகப்பட்டேன்.

வானிலைச் செயலிகள் தரும் அழுத்தம், ஊரைக் கடல்மட்டத்துக்கு இறக்கிவைத்தால் என்ன இருக்குமோ அந்த எண். வானிலை வரைபடத்தில் ஊருக்கு ஊர் ஒப்பிட அது வசதி. கோவை கடல்மட்டத்திலிருந்து 411 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே உண்மையான அழுத்தம் 96 சுற்றித்தான். சென்சார் சொன்னதுதான் சரி. ஐடிலில் இருந்த 35-ஐ நான் 40 ஆக்கி, ஏழில் ஒரு பங்கு பெட்ரோலை வீணாக ஊற்றியிருந்தேன். செயலியில் 'நிலைய அழுத்தம்' என்று தனியாக இருந்தால் அதைப் பாருங்கள். அல்லது பல கைப்பேசிகளுக்குள்ளேயே இருக்கும் காற்றழுத்தமானியை நேரடியாகப் படிக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள். அது உங்கள் கார் நிற்கும் இடத்தின் எண்ணையே சொல்லும்.

ஒரு புள்ளி சரியாக இருந்தால் கோடு சரி என்று ஆகிவிடாது. இரண்டாவது புள்ளிக்கு ஆடம்பரமான கருவி வேண்டாம். சைக்கிள் பம்ப், மூன்று வழி இணைப்பு ஒன்று, நம்பகமான ஒரு பிரஷர் மீட்டர் போதும். சென்சாரின் ஹோஸைக் கழற்றி இதில் மாட்டி, மெதுவாக 15 பாயிண்ட் ஏற்றுங்கள். 15 பாயிண்ட் என்பது 103 கிலோபாஸ்கல். கோவையில் திரையில் 199-ஐ ஒட்டி வரவேண்டும். வராமல் 150 என்று வந்தால், மென்பொருளில் வேறொரு சென்சாரின் அளவைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இது நிறையப் பேருக்கு நடக்கிறது. பம்பை விட்டதும் முள்ளும் எண்ணும் அசையாமல் நிற்கிறதா என்றும் பாருங்கள். மெதுவாக இறங்கினால் எங்கோ கசிவு. அவசரத்துக்கு, புதிய ஹோஸ் துண்டு ஒன்றை மாட்டி வாயால் உறிஞ்சினாலும் எண் இறங்குவதைப் பார்க்கலாம். பழைய ஹோஸ் வேண்டாம், பெட்ரோல் வாடை நாள்முழுதும் நாக்கில் நிற்கும்.

வயரிங்கில் ஒரே ஒரு எச்சரிக்கை: எர்த். சென்சாரின் எர்த் வயரை இ.சி.யூ.வில் சென்சார்களுக்கென்று ஒதுக்கிய முனைக்கே கொண்டுபோகவேண்டும். பக்கத்தில் ஒரு போல்ட் கிடைத்தது என்று பாடியில் இறுக்கிவிட்டால், ரேடியேட்டர் மின்விசிறி சுழலும்போது அந்த இடத்தில் 50 மில்லிவோல்ட் ஏறினால்கூடப் போதும், சென்சார் இரண்டரை கிலோபாஸ்கல் பொய் சொல்லும். ஹெட்லைட் போட்டதும் ஐடில் மாறுகிறது என்ற புகாரோடு கார் வந்தால் நான் முதலில் தேடுவது இந்தப் போல்ட்டைத்தான்.

ஹோஸை எங்கே சொருகுவது என்பதிலும் தவறு நடக்கிறது. எரிபொருள் கணக்குக்கான சென்சார் த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) பின்னால், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான அறையில் இருந்து காற்றை எடுக்கவேண்டும். ஒரே ஒரு சிலிண்டருக்குப் போகும் குழாயில் சொருகினால், அந்த சிலிண்டர் மூச்சிழுக்கும் ஒவ்வொரு முறையும் எண் குதிக்கும். த்ராட்டிலுக்கு முன்னால் சொருகினால், நீங்கள் காலை எடுத்த பிறகும் அது பூஸ்ட் இருப்பதாகவே சொல்லும். சில கார்களில் இரண்டு இடத்திலும் ஒவ்வொரு சென்சார் இருக்கும்; வேலைகள் வேறு. டீசல் என்ஜினில் காற்றை த்ராட்டிலால் கட்டுப்படுத்துவதில்லை என்பதால் பெரும்பாலும் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே வேறு தொல்லை: திரும்பி வரும் புகையின் கரியும் என்ஜின் எண்ணெயின் ஆவியும் சேர்ந்து தார்போலச் சென்சாரின் வாயை அடைக்கும். கழற்றி, மின்னணுப் பாகங்களுக்கான கிளீனரைத் தெளித்துக் காயவிட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஊசியால் குத்தக்கூடாது, உள்ளே இருப்பது சவ்வு.

ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் குறியீடு வந்தால் பூஸ்ட் குறைவு, பி0234 என்றால் அதிகம். இவற்றைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடுகிற பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. சாவி ஆன் சோதனையில் எண் சரியாக இருந்தால் சென்சாரை விட்டுவிட்டு ஹோஸ்களைப் பாருங்கள். பங்க்சர்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்குவதுபோல, இன்டேக் குழாய்க்குக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துச் சோப்புத் தண்ணீர் தடவினால், விரிசல் குமிழியாக வந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, வடிகட்டல். நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றில் இரண்டு முறை மூச்சிழுக்கிறது. 800 ஆர்.பி.எம்.மில் அது நொடிக்கு 27 துடிப்பு, 6000-இல் 200. சென்சார் அத்தனை துடிப்பையும் இ.சி.யூ.விடம் ஒப்பிக்கும். எண் நடுங்காமல் இருக்க மென்பொருளில் வடிகட்டலைக் கூட்டலாம். கூட்டக் கூட வரைகோடு பட்டுப்போல ஆகும், பார்க்க அழகாக இருக்கும். அந்த அழகில் மயங்கவேண்டாம்: மிதித்தவுடன் துள்ளும் பூஸ்ட்டை அதே வடிகட்டி விழுங்கிவிடும், பெட்ரோலும் தாமதமாக வரும். ஐடிலில் ஓரிரு கிலோபாஸ்கல் நடுக்கம் தெரியும் அளவுக்கு விட்டுவைப்பதே என் வழக்கம். நீண்ட மெல்லிய ஹோஸும் இதே போன்ற வடிகட்டிதான். முடிந்த அளவு குட்டையாக, சூட்டில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளாத கெட்டியான ரகமாக வாங்குங்கள்.

பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் சாலினாய்டை (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) முதல் நாள் கழற்றி வையுங்கள். டர்போவைச் சுற்றாமல் புகையைத் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டின் ஸ்பிரிங் மட்டும் எவ்வளவு பூஸ்ட் தருகிறது என்று காலியான சாலையில் ஒருமுறை ஓட்டிப் பதிவுசெய்யுங்கள். பிறகு சாலினாய்டை மாட்டி, இ.சி.யூ. தானாகத் திருத்திக்கொள்ளும் வசதியை அணைத்துவைத்து, கையால் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். குறிக்கு அருகில் வந்தபின் மட்டும் தானியங்கித் திருத்தத்தைத் திறக்கலாம். எரிபொருளை நிறுத்தும் எல்லையைக் குறிக்கு மேல் 20 கிலோபாஸ்கலில் வைப்பேன். அந்த எல்லை சென்சாரின் கூரைக்குக் கீழே இருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். 250 சென்சாரில் 255-இல் வேலி போட்ட கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலியை அது ஒருநாளும் தொட்டதே இல்லை.